உழைக்க முடியாதவரின் பங்கு

கடந்த காலபோகத்துக்கு முன்னர் விசுவமடுப் பக்கம் ஒரு கமக்காரரின் வீட்டுக்குப் போயிருந்தோம். அவருக்கு வயது ஐம்பத்தைந்துக்கு மேல். 2009 பங்குனியில் மாத்தளனில் விழுந்த செல், வலது காலை முழங்காலுக்கு மேலே துண்டித்துவிட்டது. செஞ்சிலுவைக் கப்பலில் ஏற்றிப் புல்மோட்டையில் இறக்கினார்கள். அங்கிருந்து வைத்தியசாலை, பின்னர் மனிக்பாம் முகாம், அதன் பின்னர் சொந்தக் காணி. காணி திரும்பக் கிடைத்தது. அதைச் செய்யும் பலம் திரும்பவில்லை. இரண்டு ஏக்கர் வயலையும் இப்போது வேறொருவர் குத்தகைக்குச் செய்கிறார்.

பேச்சின் நடுவே உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டு வந்தார். கிராம அலுவலரின் கடிதம், அரச வைத்தியரின் சான்றிதழ், விண்ணப்பத்தின் பிரதி, பின்னர் இன்னொரு விண்ணப்பத்தின் பிரதி, எல்லாம் அதற்குள் இருந்தன. பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம்.

“கால் இல்லையெண்டு எத்தினை தரம்தான் எழுதிக் குடுக்கிறது, பாதர்? இனி முளைக்கவா போகுது?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். நாமும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி இன்றும் எம்மை விட்டுப் போகவில்லை. உழைத்து உண்ட ஒருவர் உழைக்க முடியாமற் போனால் அவருக்கு அரசிடம் என்ன பங்கு உண்டு? அதை எந்த அடிப்படையில் கேட்பது? எம் மக்களில் பலருக்கு இது தெளிவாக இல்லை. எம்மைப் போன்ற தொண்டர்களிலும் பலருக்குத் தெளிவாக இல்லை. எனவே இம்முறை இதைப் பற்றியே எழுதுகிறோம்.

காப்புறுதி வேறு, உதவி வேறு

எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. மாதம் மாதம் ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை கட்டுகிறது. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் சங்கம் பணம் கொடுக்கிறது, பந்தலும் கதிரையும் கொடுக்கிறது. அந்த வீட்டார் வசதியுள்ளவரா, ஏழையா என்று எவரும் கேட்பதில்லை. பணத்தை வாங்குபவரும் தலை குனிந்து வாங்குவதில்லை. எல்லோரும் போட்டதில் அவருக்குரிய பங்கு அது. காப்புறுதி என்பதன் முழுப் பொருளும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

உதவி என்பது வேறு. அதில் ‘நீ எவ்வளவு ஏழை?’ என்ற கேள்வியே முதலில் வரும். கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும், நிதி முடிந்தால் நிற்கும்.

உலகில் தொழிலாளர் உழைக்க முடியாமற் போவதைக் காப்புறுதிக்குள் கொண்டு வந்த முதல் நாடு ஜேர்மனி. 1889 இல் அங்கே அதற்குச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் 1956 இல் வந்தது. கனடாவின் ஓய்வூதியத் திட்டம் 1966 இல் தொடங்கியது. இன்று எம் உறவினர் பலர் கனடாவில் தொழிற்சாலைகளிலும் உணவகங்களிலும் உழைக்கிறார்கள். அவர்களின் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு வெட்டப்படுகிறது, முதலாளியும் ஒரு பங்கு போடுகிறார். முதுகெலும்பு பழுதாகி வேலையை விட நேர்ந்தால், போதிய காலம் பங்கு கட்டியிருந்து, இயலாமை கடுமையானது, நீடிப்பது என வைத்தியச் சான்றால் நிறுவினால், மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்கும். அதற்கும் படிவங்கள் உண்டு, மறுப்புகள் உண்டு, மேன்முறையீடு உண்டு. அங்கும் எல்லாம் இலகு என்று நினைக்க வேண்டாம். ஆயினும் அந்த மனிதர் தாம் கட்டியதைக் கேட்கிறார். அவருடைய தமையன் விசுவமடுவில் காலை இழந்து, வறுமைப் பட்டியலில் பெயர் வருமா என்று பார்த்திருக்கிறார். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர், ஒரே விதமாக உழைத்த இருவர். ஒருவரிடம் கட்டிய கணக்கு இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. வேறுபாடு இவ்வளவுதான்.

எமது நாட்டில் என்ன உண்டு?

இலங்கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. அரச உத்தியோகத்தர் நோயினால் சேவையிலிருந்து விலக நேர்ந்தால் அவருக்கு ஓய்வூதிய ஏற்பாடு உண்டு. படையில் அங்கம் இழந்தவர்களின் நலனுக்காக 1999 இல் தனிச் சட்டமே நிறைவேற்றப்பட்டது. தனியார் துறையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் உண்டு. நிரந்தரமாக, முற்றாக வேலை செய்ய இயலாதவர் என வைத்தியர் சான்று தந்தால் அவர் வயது வரும்வரை காத்திராமல் தம் நிதியை மீளப் பெறலாம். கண்ணிவெடி அகற்றும் வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போகும் எம் பிள்ளைகள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும். தமது அங்கத்துவ இலக்கத்தையும் வீட்டில் எழுதி வைக்க வேண்டும்.

கமக்காரருக்கு? 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கமக்காரர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டு வந்தது. விரும்பிச் சேர்ந்து தவணைப் பணம் கட்டும் கமக்காரருக்கு 60 வயதில் ஓய்வூதியம் என்பதே அதன் நோக்கம். அதற்குள்ளேயே, இடையில் அங்கவீனமுற்றால் கொடுப்பனவு, இறந்தால் குடும்பத்துக்குப் பணிக்கொடை என்ற ஏற்பாடுகளும் இருந்தன. கடற்றொழிலாளருக்கு 1990 இலும், ஏனைய சுயதொழில் செய்வோருக்கு 1996 இலும் இதையொத்த திட்டங்கள் வந்தன. சேற்றில் உழைப்பவனும் கடலில் உழைப்பவனும் காப்புறுதிக்கு உரியவன் என்பதை நாடு அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது.

இவற்றுள் எதிலும் சேராதவருக்கு மாதாந்த அங்கவீனர் கொடுப்பனவு இருக்கிறது. பிரதேச செயலகத்திலுள்ள சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாக, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு வழங்கப்படுவது இது. நீண்டகாலம் 3,000 ரூபாவாக இருந்து, பின்னர் 5,000 ஆகி, 2024 இல் 7,500 ஆக உயர்ந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ரூபாவாக்கப்பட்டது. சிறுநீரக நோயாளருக்கும் இதே தொகை. வவுனியாவின் கமக்காரக் குடும்பங்களுக்குச் சிறுநீரக நோய் புதிதல்ல. கை கால் எல்லாம் இருக்கும், ஆனால் மண்வெட்டியைத் தூக்க முடியாது. அவர்களும் உழைக்க முடியாதவர்களே.

இந்த உயர்வை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 2022 புரட்டாதியில் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை எட்டியபோது, கட்டிலில் கிடந்தவருக்குக் கிடைத்தது 5,000 ரூபாதான். அரிசி விலை ஏறியது. அவருடைய காசு ஏறவில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் கூட்டிக் கேட்கலாம். படுக்கையில் இருப்பவர் யாரிடம் கூட்டிக் கேட்பார்?

தவணை கட்ட வேண்டிய காலத்தில் நாம் எங்கே இருந்தோம்?

கமக்காரர் ஓய்வூதியச் சட்டம் வந்த 1987 ஐ எம் மக்கள் வேறு காரணங்களுக்காக நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னரே, 1984 மார்கழியில், கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தம் வயல்களை விட்டு எழுப்பப்பட்டார்கள். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்தார்கள். 1996 இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 1997 இல் வவுனியா வடக்கும் புளியங்குளமும் இடம்பெயர்ந்தன. 2008, 2009 பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு போகம் விதைத்தவன் அடுத்த போகம் அந்த மண்ணில் இருப்பானா என்று தெரியாத காலத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு தவணை என்று ஒழுங்காகக் கட்டுவது எப்படி? கட்டியவர்களின் புத்தகங்களும் பற்றுச்சீட்டுகளும் எந்தப் பதுங்குகுழியில் கிடக்கின்றனவோ?

கட்டியவர்களையும் அந்தத் திட்டம் முழுமையாகக் காக்கவில்லை. நிதி போதாமல் 2012 அளவில் ஓய்வூதியம் நாடு முழுவதும் நின்று, 2014 இல்தான் மீண்டும் தொடங்கியது. அனுராதபுரத்துச் சிங்களக் கமக்காரரும் எம்மைப் போலவே ஏமாந்து நின்றார். இதை நாம் நினைவில் வைத்திருப்பது நல்லது. கமக்காரரின் இந்தக் குறை வன்னிக்கு மட்டும் உரியதல்ல. சேர்ந்து குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் தனித்து நிற்கத் தேவையில்லை.

எமது முதலாவது கருத்து இதுதான். பங்கு கட்டாதவருக்கு உரிமை இல்லை என்பது கட்டக்கூடியதாக இருந்தவருக்குப் பொருந்தும். கட்டும் வழியே அடைக்கப்பட்டிருந்தவருக்கு அதைச் சொல்வது நியாயமல்ல. நெல்லை விளைவித்து நாட்டுக்குக் கொடுத்ததும், சந்தையில் வாங்கிய ஒவ்வொரு பொருளிலும் வரி கட்டியதும் ஒரு பங்குதான். இடம்பெயர்ந்திருந்த ஆண்டுகளுக்கான தவணையை அரசே கட்டியதாகக் கணக்கிட்டு, அங்கவீனமுற்ற கமக்காரரை அந்தத் திட்டத்துள் சேர்க்க வேண்டும். கமத்தொழில் காப்புறுதிச் சபைக்கும் பாராளுமன்றத்தில் எம் பிரதிநிதிகளாக இருப்போருக்கும் இதை எழுத்தில் வைக்கக் கமக்காரர் அமைப்புகள் முன்வர வேண்டும்.

பிழையான கேள்வி

படிவம் கேட்பது, உடம்பில் என்ன குறை என்று. நாம் கேட்க வேண்டியது, இந்த உடம்போடு இவரால் இவர் அறிந்த தொழிலைச் செய்ய முடியுமா என்று. இரண்டும் ஒன்றல்ல. ஒற்றைக் காலோடு ஒருவர் கந்தோரில் எழுதலாம், தையல் மெசினில் இருக்கலாம். ஜெய்ப்பூர் கால் நல்ல சாதனம். வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களை மனதில் வைத்தே அதை இந்தியாவில் உருவாக்கினார்கள். யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிறுவனம் வன்னியில் எத்தனையோ பேரை நடக்க வைத்திருக்கிறது. ஆயினும் தொடையோடு காலை இழந்தவர் உழுத சேற்றில் வரம்பு கட்டுவதும் நாற்றுக் கட்டைத் தூக்கிப் போவதும் வேறு கதை.

மறுபக்கம், பார்வைக்கு முழுமையாக இருப்பவர்கள். முதுகிலும் தலையிலும் செல் துண்டுகளோடு வாழ்பவர்கள் எத்தனை பேர்! வெய்யில் ஏறினால் தலை வெடிக்கும், மருந்தடிக்கும் டாங்கியை முதுகில் போட முடியாது. இவர்களைப் பார்த்துச் “சும்மா இருக்கிறான்” என்று ஊர் சொல்கிறது. கந்தோரும் அதே கண்ணால் பார்த்தால் இவர்கள் எங்கே போவார்கள்?

மூன்றாவது குறை, குடும்பத்தை வைத்து ஆளை அளப்பது. 2023 ஆடியில் தொடங்கிய அஸ்வெசும திட்டம் வீடு, சொத்து, கல்வி, சுகாதாரம் என 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை அளக்கிறது. வறுமையை அளக்க அளவுகோல் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டுத் திட்டத்தில் கிடைத்த கல்வீடு, அரைகுறையாகப் பூசப்பட்டதாயினும் கல்வீடுதான். கடனில் எடுத்த மோட்டார் சைக்கிளும் சொத்துத்தான். முள்ளந்தண்டில் காயப்பட்ட கணவனைப் புரட்டிப் போட்டு, படுக்கைப் புண்ணைக் கழுவி, அதற்காகக் கூலி வேலையையும் விட்ட மனைவியின் இழப்பு எந்தக் குறிகாட்டியில் வருகிறது? ஒரு வீட்டில் ஒருவர் வலுவிழந்தால் இருவரின் உழைப்பு போகிறது.

இந்தியாவிலும் இதே குறை உண்டு. 2009 இல் அங்கே மத்திய அரசு கொண்டு வந்த ஊனமுற்றோர் ஓய்வூதியம், வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தவராகவும் 80 சதவீத ஊனமுள்ளவராகவும் இருந்தால்தான் கிடைக்கும். 79 சதவீதம் உள்ளவரால் ஏர் பிடிக்க முடியுமா என்று எவரும் கேட்கவில்லை.

இன்னொன்று, பயம். சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் வீட்டு வாசலில் சிறு கடை போட நினைக்கிறார். போட்டால் கொடுப்பனவை வெட்டிவிடுவார்களோ என்று அஞ்சி விடுகிறார். அமெரிக்காவில் இப்படியானவர் ஒன்பது மாதங்கள் வரை வேலை செய்து பார்க்கலாம், அதற்காகக் கொடுப்பனவு நிறுத்தப்படுவதில்லை. முயற்சி செய்பவரைத் தண்டிக்காத ஒரு விதி எமக்கும் வேண்டும்.

எம்மையும் கேட்க வேண்டும்

அரசை மட்டும் குறை சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. மீள்குடியேற்றத்தின் பின்னர் நாமும் வாழ்வாதாரத் திட்டங்களோடு வந்தோம். கோழி கொடுத்தோம், ஆடு கொடுத்தோம், படம் எடுத்தோம். எழும்பி இருக்கவே முடியாத ஒருவரின் பெயரிலும் ஆடு கொடுத்திருக்கிறோம். குழை வெட்டப் போக ஆளில்லாமல் அந்த ஆட்டை அவர் மூன்றாம் மாதம் விற்று மருந்து வாங்கினார். அறிக்கையில் அதைத் தோல்வி என்று எழுதினோம். உண்மையில் தோற்றது அவரல்ல. அவருக்கு வேண்டியிருந்தது மாதம் தவறாத ஒரு வருமானம். எல்லோரையும் சுயதொழிலாளி ஆக்கிவிடலாம் என்ற எமது அவசரத்தில் உழைக்கவே முடியாதவரும் இருக்கிறார் என்பதை மறந்தோம்.

‘காசு கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள், பொய் சொல்லி வாங்குவார்கள்’ என்று சொல்வோர் உண்டு. பொய் சொல்வோர் எங்கும் இருப்பார்கள். அவர்களைத் தடுக்க வைத்தியப் பரிசோதனை இருக்கிறது. ஒரு பொய்யரைப் பிடிப்பதற்காகப் பத்து மெய்யரைக் காக்க வைப்பது நிர்வாகத் திறமையாகாது. ‘அரசிடம் பணமில்லை’ என்பார்கள். அது பொய்யல்ல, நாடு கடனில் இருக்கிறது. ஆனால் தன் சேவையில் அங்கம் இழந்தவருக்கு வாழ்நாள் பொறுப்பு ஏற்பது எப்படி என்று அரசுக்குத் தெரியும். படையினர் விடயத்தில் அதைச் செய்திருக்கிறது, செய்ததும் சரியே. அதே பொறுப்பை வயலில் நின்று காயப்பட்ட குடிமகனுக்கும் விரிப்பதையே கேட்கிறோம்.

சட்டமும் எமது பக்கம் இல்லாமல் இல்லை. அங்கவீனமுற்றோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1996 இல், 28 ஆம் இலக்கமாக வந்தது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. போதிய வாழ்க்கைத் தரமும் சமூகப் பாதுகாப்பும் வலுவிழந்தோரின் உரிமை என்று அதன் 28 ஆம் உறுப்புரை சொல்கிறது. அங்கம் எப்படிப் போயிற்று, யாருடைய செல்லால் போயிற்று என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. ‘எங்கே காயப்பட்டனீர்?’ என்ற கேள்விக்கு அஞ்சி விண்ணப்பிக்காமலே இருக்கும் பிள்ளைகள் எம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறோம்.

நாம் இப்போதே செய்யக்கூடியவை

முதலாவது, விண்ணப்பிப்பது. ‘பிச்சை எடுக்கவா?’ என்று ஒதுங்கியிருப்போர் ஒதுங்கியிருக்க வேண்டாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் தேவையே இல்லை என்றுதான் கொழும்பில் கணக்கு எழுதப்படும். மருத்துவக் குறிப்புகள் முள்ளிவாய்க்காலோடு போய்விட்டன என்று சோர்ந்திருக்கவும் வேண்டாம். இன்றைய நிலையை அரச வைத்தியர் பார்த்துச் சான்று தரலாம். அவரிடம் காயத்தை மட்டும் காட்டாமல், எதைச் செய்ய முடியவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் நடக்க முடியும், எவ்வளவு நேரம் நிற்க முடியும், என்ன பாரம் தூக்க முடியும் என்பவற்றை முதலே வீட்டில் எழுதிக் கொண்டு போங்கள்.

இரண்டாவது, கடதாசிகள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வைத்தியச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை ஒரு பையில் வையுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தின் பிரதியிலும் பெற்றுக்கொண்ட திகதியையும் முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். 1977 இன் பின்னர் மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்களில் சிலரிடம் பிறப்புச் சான்றிதழே இல்லை. முதலில் அதைச் சீர் செய்ய வேண்டும். படித்த பிள்ளைகள் பக்கத்து வீட்டாருக்கும் இதில் உதவ வேண்டும்.

மூன்றாவது, எழுத்தில் கேட்பது. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் எமக்கு உரிமை உண்டு. காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது ஆள், இவ்வருடம் எமது பிரிவுக்கு எத்தனை பேருக்கு நிதி வந்தது என்பதை 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுள் அந்தக் கோரிக்கை பற்றி முடிவு சொல்ல வேண்டும். தனியாளாகப் போகத் தயங்கினால் கமக்காரர் அமைப்பின் கடிதத் தலைப்பில் கேளுங்கள். உத்தியோகத்தரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. அவருக்கும் மேலிருந்து வரும் தொகை அளவுக்குத்தான் கை நீளும். எழுத்தில் உள்ள கேள்வி அவருக்கும் மேலே கேட்க ஒரு பிடி.

நான்காவது, எமக்குள் ஒரு ஏற்பாடு. சாவுக்குச் சங்கம் வைத்திருக்கும் நாம், உயிரோடு இருந்து உழைக்க முடியாதவருக்கு ஏன் ஒன்று வைக்கக் கூடாது? ஒவ்வொரு போகத்திலும் ஏக்கருக்கு இத்தனை புசல் நெல் என்று கமக்காரர் அமைப்பு தீர்மானிக்கலாம். அது அரசின் பொறுப்பைக் குறைக்காது. வாங்குபவர் தலை நிமிர்ந்து வாங்கப் பழகுவார். அந்தப் பழக்கம் கந்தோர் வாசலிலும் உதவும்.

கேப்பாப்பிலவிலும் வேறு இடங்களிலும் இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் இருக்கும் குடும்பங்களிலும் வலுவிழந்தோர் இருக்கிறார்கள். காணி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று அவர்களின் விண்ணப்பத்தைத் தள்ளிப் போட வேண்டாம். காணிக்கான போராட்டம் நடக்கட்டும், இதுவும் நடக்கட்டும்.

விசுவமடுக் கமக்காரருக்காக ஒரு கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை. போன கிழமை அவரைக் கண்டபோது, தம் ஒழுங்கையில் இன்னும் மூவர் இருப்பதாகவும் அவர்களின் பெயரையும் எழுதிக் கொண்டு வந்ததாகவும் சொன்னார். நாலு பேரின் பையையும் அவரே வைத்திருக்கிறார். அடுத்த முறை பிரதேச செயலகத்துக்கு நால்வரும் ஒன்றாகப் போவதாக முடிவு. எமக்கும் இடம் கேட்டிருக்கிறோம்.